தோற்றுக் கொடுக்கிற டீச்சர்

அதீபாவுக்கு ஓரிடத்தில் நிற்கத் தெரியாது. பஸ்ஸுக்கு நிற்கச் சொன்னால் அடுத்த நிறுத்தம் வரைக்கும் நடந்துபோய் அங்கே ஏறுகிற ரகம். உலை கொதிப்பதற்குள் மாடிக்கு இரண்டு தரம் போய்வந்துவிடுவாள். "இவளப் பெத்தவ கால்ல சக்கரத்தக் கட்டில்லா பெத்திருக்கா" என்று மாமியார் பாத்திமுத்து அவள் காதுபடவே சொல்லுவாள். இப்படிப்பட்டவள் பிள்ளைகளை உட்காரவைத்துப் பாடம் சொல்லிக்கொடுக்கிற வேலைக்கு வந்தாள் பாருங்கள், அதுதான் வேடிக்கை.

ஆனால் சும்மா சொல்லக் கூடாது. கடையநல்லூரிலிருந்து குற்றாலம் வரைக்கும் ஸ்கூட்டியில் வீடு வீடாகப் போய் அவள் சொல்லிக்கொடுத்த பிள்ளைகளில் முக்கால்வாசி, பள்ளிக்கூடம் கைகழுவிய பிள்ளைகள். ஒவ்வொன்றும் எப்படியோ கரையேறிவிட்டது. அவளிடம் இருந்தது ஒரே ஒரு வித்தைதான். புது வீட்டுக்குப் போனால் முதல் வாரம் புத்தகத்தைத் திறக்கவே மாட்டாள். இந்தப் பிள்ளை எதில் கெட்டிக்காரப் பிள்ளை என்று மோப்பம் பிடித்துக்கொண்டு திரிவாள். பெற்றவர்களுக்குப் பற்றிக்கொண்டு வரும், வேடிக்கை பார்க்கவா ஆள் வைத்தோம் என்று. அவள் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டாள்.

பக்கத்துத் தெரு ரிஃபாத்துக்கு ஊர்வம்பு என்றால் உயிர். எந்த வீட்டுச் சம்பந்திக்கு எந்த வீட்டோடு பேச்சுவார்த்தை இல்லை என்பதெல்லாம் அவளுக்கு விரல்நுனியில். அவளுக்கு முதல் உலகப்போரைச் சம்பந்திச் சண்டையாகவே சொல்லிக்கொடுத்தாள் அதீபா. பாவூர்சத்திரம் புவனேஷுக்குக் கையில் கிடைத்ததையெல்லாம் கழற்றிப் பார்க்க வேண்டும். அவன் அம்மாவின் மிக்ஸியைப் பலிகொடுத்துத்தான் மின்சாரப் பாடம் நடந்தது. "பிள்ளைகிட்ட இல்லாதத எதுக்குத் தேடிக்கிட்டு கெடக்கணும்? இருக்கதப் பிடிச்சு ஏறச் சொல்லுங்க" என்பாள். அந்த அம்மா புது மிக்ஸி கேட்டது வேறு கதை.

அப்படி அவளிடம் வந்து சேர்ந்தவள்தான் இசக்கிசெல்வி. குற்றாலம் ஐந்தருவிப் பக்கம் பழக்கடை போட்டிருக்கிற சங்கரம்மாளின் ஒரே மகள். பத்தாம் வகுப்பில் மற்றப் பாடங்களிலெல்லாம் தட்டுத்தடுமாறி ஏறிவிட்டவள், அறிவியலில் மட்டும் குப்புற விழுந்துவிட்டாள். ஜூலையில் துணைத்தேர்வு. அதில் தேறினால் பதினொன்றாம் வகுப்பு. தேறாவிட்டால் ராஜபாளையம் பக்கம் ஒரு நூல் மில். மில் ஏஜெண்டிடம் சங்கரம்மாள் வாக்கே கொடுத்துவிட்டாள். வேன் வீட்டு வாசலுக்கு வந்து ஏற்றிக்கொண்டு போகுமாம், தங்க இடமும் சாப்பாடும் அங்கேயே உண்டாம்.

"நான் என்ன கொடுமைக்காரியா டீச்சர்?" என்று சங்கரம்மாள் முதல் நாளே மூக்கைச் சிந்தினாள். "ரெண்டாந்தரமும் போச்சுன்னா இவள வச்சுக்கிட்டு நான் என்னத்தச் செய்ய? கடையில உக்கார வச்சா வாரவன் போறவன்கிட்டயெல்லாம் மல்லுக்கு நிக்கா. ஒருத்தன் பழம் வாங்க மாட்டேங்கான்."

முதல் வாரம் இசக்கி வாயே திறக்கவில்லை. கேட்டால் தலையை ஆட்டுவாள், இல்லையென்றால் பாயைப் பிய்ப்பாள். எட்டாம் நாள் அதீபா, சரி, கடைக்குப் போய்ப் பார்ப்போம் என்று போனாள். அங்கே மதுரைப் பக்கத்து ஆள் ஒருவர், ஈரத்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, மங்குஸ்தான் எல்லாம் அழுகல் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். இசக்கி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கிளம்பினாள் பாருங்கள்! அழுகின பழம் அமுங்கும், இது அமுங்குதா? காம்பு பச்சையா இருக்கு, அழுகினதுல காம்பு பச்சையா இருக்குமா? அழுகல்னு தெரிஞ்சும் ஏன் மூணு பழத்தத் தின்னீரு, கொட்டை எங்க? ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போனாள். அந்த மனுஷர் ஒரு கிலோ வாங்கிக்கொண்டு, போகிறபோக்கில் மன்னிப்பும் கேட்டுவிட்டுப் போனார்.

அதீபாவுக்கு உள்ளங்கால் குறுகுறுத்தது. "ஆத்தாடி, இவளுக்கா படிப்பு வராது?" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

மறுநாளிலிருந்து பாடம் வேறு மாதிரி. அதீபா புத்தகத்தை இசக்கியிடம் கொடுத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து பொய் சொல்ல ஆரம்பித்தாள். "மனுசனுக்கு எதயத்துல மூணு அறைதான்." இசக்கி நிமிர்ந்தாள். "நாலு டீச்சர்." "யாரு சொன்னா? மூணுதான்." "நாலுன்னு போட்டிருக்கு." "போட்டிருந்தா ஆச்சா? மூணுல என்ன கொறை? எனக்குச் சொல்லிப் புரிய வை பாப்போம்." அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. தவளைக்கு மூணு, மனுசனுக்கு நாலு, நல்ல ரத்தமும் கெட்ட ரத்தமும் கலக்காம இருக்கணும்லா என்று அவள் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டி ஆதாரம் எடுத்து அடித்தாள். அதீபா லேசில் விட்டுக்கொடுக்க மாட்டாள். இழுப்பாள், மடக்குவாள், வேறு பொய் சொல்லித் தப்பப் பார்ப்பாள். கடைசியில், "சரிட்டி, நீ சொன்னதுதான் சரி, நான் தோத்துட்டேன்" என்று கையைத் தூக்குவாள். இசக்கியின் முகம் அப்போது பார்க்க வேண்டுமே, அடடா!

இரண்டு மாதம் இப்படியே ஓடியது. ஒளி வளைந்தது, அமிலமும் காரமும் கைகலந்தன. தினமும் ஒரு பொய், தினமும் ஒரு தோல்வி. அந்தச் சின்ன வீட்டில் ஏதோ கொலை விழப்போகிறது என்று பக்கத்து வீட்டு முப்பிடாதி அண்ணாச்சி இரண்டு தரம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். தப்பு இல்லை, சத்தம் அப்படி.

இப்போது பரீட்சை நாள் காலைக்கு வருவோம்.

கடையநல்லூரில் வீட்டு அடுக்களையில் அதீபா தோசை சுட்டுக்கொண்டிருந்தாள். பரீட்சை பத்து மணிக்கு, தென்காசியில். அவளுக்குக் கை தோசையில், நினைப்பு இசக்கியில். பிள்ளை எல்லாம் படித்தாளா, எதை விட்டாள், கடைசி வகுப்பில் என்ன பார்த்தோம் என்று மனசு பின்னால் போயிற்று. கடைசி வகுப்பு ரத்தம். ரத்த வகைகள். அன்றைக்குச் சொன்ன பொய் என்ன? ஓ குரூப் ஆள் யாரிடமிருந்து வேண்டுமானாலும் ரத்தம் வாங்கிக்கொள்ளலாம் என்பது. தலைகீழ்ப் பொய். ஓ குரூப் ரத்தத்தை யாருக்கும் கொடுக்கலாம். ஆனால் வாங்குவதென்றால் இன்னொரு ஓ குரூப் ஆளிடம்தான் வாங்க முடியும். சரி, அதற்கு இசக்கி என்ன சண்டை போட்டாள்?

தோசை கருகியது. இசக்கி சண்டையே போடவில்லை.

அன்றைக்கு அந்தப் பொய்யைச் சொல்லி முடித்த நேரத்தில்தான் ஷார்ஜாவிலிருந்து காஜாவின் போன் வந்தது. காஜா அவள் புருஷன், அங்கே ஏசி மெக்கானிக். இரண்டு வருஷம் கழித்து இந்த மாசம் லீவில் வருவதாக இருந்தான். டிக்கெட் போட்டாயிற்று, பாத்திமுத்து மகனுக்கென்று அரிசிமாவுகூட இடித்து வைத்துவிட்டாள். கம்பெனியில் லீவை ரத்து பண்ணிவிட்டார்கள் என்று சொன்னான். எப்போது என்று கேட்டதற்கு அவனிடம் பதில் இல்லை. நிற்கத் தெரியாத பொம்பளையைப் பார்த்துக் காத்திருக்கிற வேலையைக் கொடுத்தான் படைத்தவன், என்ன சொல்ல! அதீபா இசக்கி வீட்டுப் பின்வாசலில் நின்று பேசினாள், குழாயடியில் முகத்தைக் கழுவினாள், திரும்பி வந்து உட்கார்ந்தாள். "எங்க விட்டோம்? ஆமா, ஓ குரூப்பு. யார்கிட்டயும் வாங்கலாம். என்ன சொல்லுத?" என்று கேட்டது ஞாபகம் இருந்தது. இசக்கி சொன்னதும் ஞாபகம் இருந்தது.

"சரி டீச்சர்."

அவ்வளவுதான். அதீபா புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து வந்துவிட்டாள். அந்த இரண்டு மாசத்தில் அந்தப் பிள்ளை ஒருநாள்கூட 'சரி' என்று சொன்னதில்லையே, இன்றைக்கு ஏன் சொன்னாள் என்று அப்போது உறைக்கவில்லை. தன் துக்கம் தனக்கு. இப்போது அடுப்பு முன்னால் நின்றுகொண்டிருக்கும்போது உறைத்தது. நம்பிவிட்டாள்! யார் சொன்னாலும் நம்பாத பிள்ளை, டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று இந்த ஒன்றை நம்பிவிட்டாள். அது வருஷா வருஷம் கேட்கிற நாலு மார்க் கேள்வி. கரையில் ஒரு காலும் தண்ணீரில் ஒரு காலுமாக நிற்கிற பிள்ளைக்கு நாலு மார்க் என்றால் சும்மாவா?

"நுணலும் தன் வாயால் கெடும்னு சொல்லுவாவ. நான் என் வாயால ஊரான் புள்ளையக் கெடுத்துட்டேன் மாமி" என்றாள்.

பாத்திமுத்து தொழுகைப் பாயை மடித்துக்கொண்டிருந்தாள். "என்னட்டி உளறுத? தோசை கருகுது பாரு."

"நீங்களே பாத்துக்கிடுங்க" என்று கரண்டியை மாமியார் கையில் கொடுத்தாள். பர்தாவின் பொத்தானை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினாள். ஸ்கூட்டியை எடுக்கும்முன்னே சங்கரம்மாளுக்குப் போன் அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. வழியில் இடைகால் ஊருக்குள் நிறுத்தி ஒரு தரம் அடித்தாள். எடுக்கவில்லை. சீசன் நேரத்தில் அருவி இரைச்சலில் சங்கரம்மாளுக்கு இடிவிழுந்தாலும் கேட்காது, போனா கேட்கும்?

தென்காசிக்கு அவள் நல்ல நேரத்திலேயே வந்துவிட்டாள், அதைச் சொல்ல வேண்டும். பரீட்சை நடக்கிற பள்ளிக்கூடத்து வாசலில் இன்னும் வாட்ச்மேனும் நாலைந்து பிள்ளைகளும்தான். சாரல் பூப்போல் விழுந்துகொண்டிருந்தது. எதிரே டீக்கடையில் ஒரு டீயைச் சொல்லிவிட்டு, வாசலைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றிருந்தால் போதும். கதை அங்கேயே முடிந்திருக்கும். எவளாக இருந்தாலும் அதைத்தான் செய்வாள்.

அதீபா நின்றாள். ஒரு டீ ஆறுகிற நேரம் நின்றாள். ரோட்டின் இந்தக் கோடிக்கு நடந்தாள், அந்தக் கோடிக்கு நடந்தாள். ஒவ்வொரு ஷேர் ஆட்டோவையும் எட்டிப் பார்த்தாள். குட்டி போட்ட பூனைக்குக்கூட அவளைவிடப் பொறுமை இருக்கும். கடைசி நேரத்தில்தான் வருவார்கள், வந்தால் கூட்டத்தில் எங்கே பிடிக்க, இரண்டு வார்த்தை பேச எங்கே நேரம், இப்போதே கிளம்பினால் வீட்டிலேயே வைத்துச் சொல்லிவிடலாமே என்று மனசு அரித்தது. அரித்தால் நிற்கிற ஆளா? டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஸ்கூட்டியைக் குற்றாலத்துக்குத் திருப்பினாள். டீக்கடைக்காரர், "எம்மா, டீக்காசு" என்று பின்னால் கூப்பிட்டதுகூடக் காதில் விழவில்லை.

யானைப்பாலம் வரைக்கும் ஒழுங்காகப் போனாள். மேலகரம் தாண்டியதும் பிடித்தது சனி. அருவியில் நல்ல தண்ணீர் என்று டிவியில் காட்டிவிட்டார்களாம், நாட்டிலுள்ள வேனெல்லாம் அந்த ஒரே ரோட்டில். கேரளா கார்கள், சுற்றுலா பஸ், கூரைமேல் அண்டாவைக் கட்டிய டெம்போ, எண்ணெய் வழியத் துண்டைக் கட்டிக்கொண்டு நடுரோட்டில் நடக்கிற மனுஷர்கள். போலீஸ்காரர் விசிலை ஊதுகிறார், யார் கேட்கிறார்கள்? அதீபா ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. "எங்கம்மா பறக்க? அருவி எங்கயும் போயிராது" என்று ஒரு வேன்காரன் கிண்டல் பண்ணினான். "ஒம்ம சோலியப் பாரும்வே!" என்று கத்தினாள். கத்திய பிறகுதான், இது இசக்கியின் குரல் போலவே இருக்கிறதே என்று தோன்றியது.

எப்படியோ சந்துக்குள் புகுந்து ஐந்தருவி ரோட்டில் இசக்கி வீட்டுக்கு வந்தால், கதவில் பூட்டு. முப்பிடாதி அண்ணாச்சி பல் தேய்த்துக்கொண்டு நின்றார்.

"அவாள்லாம் அப்பமே போயாச்சு டீச்சர். இங்கன கூட்டமா இருக்கும்னு இலஞ்சி வழியால்லா ஆட்டோவுல போனாவ. நீங்க அங்க இல்லயா?"

அதீபாவுக்கு அழுகையே வந்துவிட்டது. நின்ற இடத்தில் நின்றிருந்தால் இந்நேரம் அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்து, அது தப்புட்டி, நான் சொன்னது பொய்ட்டி என்று சொல்லி முடித்திருக்கலாம். அவள் குற்றாலத்துக்கு வந்த நேரத்தில் அவர்கள் தென்காசிக்குப் போய்விட்டார்கள். இதற்கு யாரைப் போய்க் குறை சொல்ல? "என் காலைத்தான் வெட்டிப் போடணும்" என்று அண்ணாச்சியிடமே சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினாள். அவர் வாயில் பிரஷ்ஷோடு பார்த்துக்கொண்டே நின்றார்.

இலஞ்சி வழியாகத்தான் திரும்பினாள். வயலெல்லாம் நடவு முடிந்து பச்சையாகக் கிடந்தது, ஒன்றையும் அவள் பார்க்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தபோது கதவு சாத்தியிருந்தது. உள்ளே சத்தமே இல்லை.

வாட்ச்மேன் கதவிடுக்கில் முகத்தைக் காட்டினார். "பரீட்சை எழுதணுமாம்மா?"

"இல்லண்ணே, உள்ள ஒரு புள்ளைக்கு ஒரே ஒரு வார்த்தை..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டாள். என்ன வார்த்தை? பரீட்சைக்கு விடை. அதை உள்ளே அனுப்பு என்று சொன்னால், பிட்டு கொடுக்க வந்தவள் என்று அவளைப் பிடித்துக் கொடுப்பதோடு, இசக்கியின் பேப்பரையும் பிடுங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். "ஒண்ணுமில்ல" என்று பின்வாங்கினாள். அவர் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

எதிர்ப்பக்கம் மூடிக்கிடந்த ஜெராக்ஸ் கடைப் படியில் சங்கரம்மாள் உட்கார்ந்திருந்தாள். சீசன் நாளில் கடையைத் தம்பி சங்கரபாண்டியிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். மடியில் மகளின் புத்தகப் பை, கையில் கோயில் துன்னூறு மடித்த காகிதம். அதீபாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்துபோயிற்று.

"வந்துட்டீயளா டீச்சர்! ஒங்களத்தான் நெனச்சேன். நம்ம புள்ளைக்காண்டி கடையநல்லூர்லேருந்து வந்திருக்கீயளே. போன கடையிலயே விட்டுட்டு வந்துட்டேன். உக்காருங்க."

அதீபா உட்காரவில்லை. சொல்லாமலும் இருக்க முடியவில்லை, சொல்லவும் வாய் வரவில்லை. படிக்கு இந்தப் பக்கம் நடந்தாள், அந்தப் பக்கம் நடந்தாள். சங்கரம்மாளுக்குக் கழுத்து வலித்திருக்கும், அவளைப் பார்த்துப் பார்த்து.

"காலையிலயே மில் ஏஜெண்டு போன் அடிச்சான்" என்றாள் சங்கரம்மாள். "பரீட்சை முடியட்டும், சாயங்காலம் சொல்லுதேன்னேன். அவன் சிரிக்கான் டீச்சர். ரெண்டாந்தரம் எழுதி யாரு பாஸாயிருக்காங்கான். எனக்கு வயித்தெரிச்சலாப் போச்சு. எங்க டீச்சரப் பத்தி ஒனக்குத் தெரியாதுன்னு சொன்னேன்."

அதற்குமேல் தாங்கவில்லை. அதீபா எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். தினமும் பொய் சொல்லிப் பாடம் நடத்தியது, பிள்ளை சண்டை போட்டுப் படித்தது, கடைசி நாள் போன் வந்தது, ஒரு பொய்யைத் திருத்தாமலே எழுந்து வந்தது, இன்றைக்குக் காலையில் வாசலில் நிற்கமாட்டாமல் குற்றாலத்துக்கு ஓடியது வரைக்கும் ஒன்று விடாமல்.

சங்கரம்மாள் மடியிலிருந்த பையைப் படியில் வைத்தாள். பிறகு எழுந்தாள். மகளுக்கு வாய் எங்கிருந்து வந்தது என்று அதீபாவுக்கு அப்போது தெரிந்தது.

"பொய்யச் சொல்லியா பாடம் நடத்துவாவ? ஊரு ஒலகத்துல கேட்டதுண்டா? சத்தம் கேக்கே, என்னமோ நல்லாப் படிக்கான்னுல்லா நான் அடுப்படியில உக்காந்து சந்தோசப்பட்டேன். ஒங்க கஷ்டம் ஒங்களுக்கு, இல்லங்கல. அதுக்கு எம்மவ தலையிலயா மண்ணள்ளிப் போடணும்? அவ எம்பேச்சக் கேக்க மாட்டா, அவ அப்பன் பேச்சக் கேட்டதில்ல, வாத்தியாரு பேச்சக் கேட்டதில்ல. ஒங்க பேச்ச ஒருநாள் கேட்டா. கேட்டதுக்கு இதா டீச்சர்?"

அந்தக் கடைசிப் பேச்சு அதீபாவை நேராக நெஞ்சில் குத்தியது. காலையிலிருந்து அவளும் அதைத்தானே நினைத்துக்கொண்டிருக்கிறாள். "நான் செஞ்சது தப்புதான் அக்கா" என்றாள். சங்கரம்மாள் முந்தானையை உதறிக்கொண்டு படியின் அந்தக் கோடியில் போய், முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாள்.

சாரல் வந்தது, வெயில் அடித்தது, மறுபடியும் சாரல் வந்தது. அதீபா நடந்தாள். வேறு கேள்வி வந்திருக்கும், இது வந்திருக்காது என்று ஒரு நேரம் தேற்றிக்கொள்வாள். வந்திருந்தால்? வந்து, அதைத் தப்பாக எழுதி, அதை வைத்து இன்னொன்றையும் தப்பாக எழுதி... மில் வேன் வாசலில் வந்து நிற்கிறது, இசக்கி பையைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறாள், யாரிடமும் சண்டை போடவில்லை. துவா செய்யலாம் என்று உதட்டை அசைத்தால் துவாவும் பாதியில் நிற்கிறது. டீக்கடைக்காரர் வந்து காலையில் விட்டுப்போன டீக்குக் காசு கேட்டார். கொடுத்துவிட்டு இன்னொரு டீ சொன்னாள், சங்கரம்மாளுக்கும் ஒன்று. சங்கரம்மாள் திரும்பிப் பார்க்காமலே வாங்கிக் குடித்தாள். கோபம் கோபம், டீ டீ.

மணி அடித்தது. கதவைத் திறந்ததும் பிள்ளைகள் பொலபொலவென்று கொட்டினார்கள். சிலது சிரித்துக்கொண்டு, சிலது அழுதுகொண்டு. இசக்கியைக் காணவில்லை. கூட்டமெல்லாம் கலைந்தபிறகு, இன்னொரு பெண்ணோடு கையை ஆட்டி ஆட்டிச் சண்டை போட்டுக்கொண்டு வந்தாள். "பூதக்கண்ணாடி லென்ஸு எப்பிடிட்டி குழிவா இருக்கும்? குழிவா இருந்தா வெளிச்சம் விரிஞ்சுல்லா போகும். ஒனக்குப் படமாவது போடத் தெரியுமா?" அந்தப் பெண் விட்டால் போதும் என்று ஓடியது.

அதீபா ரோட்டைத் தாண்டினது அவளுக்கே தெரியாது. போய் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டாள். பின்னாலேயே சங்கரம்மாளும் வந்து நின்றாள்.

"ஓ குரூப்பு வந்துச்சாட்டி?"

"வந்துச்சு டீச்சர். நாலு மார்க்கு."

"என்ன எழுதின?"

"என்னத்த எழுத? ஓ ரத்தத்துல ஆன்டிஜென் கெடையாது, அதனால யாருக்குக் குடுத்தாலும் ஒடம்பு ஏத்துக்கிடும். ஆனா ரெண்டு ஆன்டிபாடியும் இருக்கு. வேத்து ரத்தம் உள்ள வந்தா விடுமா? சண்டைக்குப் போயிரும். அதனால ஓ ஆளு ஓ-கிட்ட மட்டுந்தான் வாங்கணும். சண்டைக்குப் போயிரும்னு எழுதல, எதிர்வினை புரியும்னு எழுதுனேன்."

சங்கரம்மாள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "சரியா எழுதியிருக்காளா டீச்சர்?"

"சரி அக்கா. முழு மார்க்கு."

"மத்ததெல்லாம்?"

"பாஸாயிருவேன்மா" என்றாள் இசக்கி. "ரெண்டு ஒருமார்க்குதான் சந்தேகம். மில்லுக்காரன வேற ஆளப் பாக்கச் சொல்லு."

சங்கரம்மாள் கையிலிருந்த துன்னூற்றை மகள் நெற்றியில் அப்பினாள். அப்பிவிட்டு, "ஆட்டோ பிடிச்சிட்டு வாரேன்" என்று விலகிப்போனாள். கண்ணைத் துடைக்கத்தான் போனாள், ஆட்டோ பக்கத்திலேயே நின்றது.

அதீபா ஜெராக்ஸ் கடைப் படியில் பொத்தென்று உட்கார்ந்தாள். நிம்மதி வர வேண்டும், வரவில்லை. ஒன்று இடித்துக்கொண்டே இருந்தது.

"அது பொய்னு ஒனக்கு அன்னைக்கே தெரியுமா?"

"தெரியும்."

"பெறவு ஏன்ட்டி சரின்னு சொன்ன? ஏன் சண்டை போடல? காலையிலேருந்து நான் செத்துப் பொழைச்சிட்டேன் தெரியுமா?"

இசக்கி செருப்பு நுனியால் தரையைக் கிளறினாள். எந்தக் கேள்விக்கும் தயங்காத பிள்ளை, இதற்குத் தயங்கினாள்.

"போன் பேசிட்டு வந்தீயல்லா" என்றாள். "பின்வாசல்ல நின்னு அழுதீய. மொகத்தக் கழுவிட்டா தெரியாதா? அந்த மொகத்தப் பாத்துக்கிட்டு எப்பிடி டீச்சர் ஒங்ககூட சண்டை போட? பாவம், இன்னைக்கு ஒருநாளாவது இவங்க ஜெயிச்சிட்டுப் போட்டும்னு விட்டுட்டேன்."

"தப்புன்னு தெரிஞ்சுக்கிட்டேவா?"

"நீங்க மட்டும்? தெரிஞ்சுக்கிட்டேதானே தெனமும் எனக்குத் தோத்துக் குடுத்தீய."

அதீபாவுக்கு இரண்டு மாசம் தான் ஆடின நாடகமெல்லாம் கண்முன்னே வந்து நின்றது.

"அது எப்பலேருந்துட்டி தெரியும்?"

"எதயத்துக்கு மூணு அறைன்னு சொன்னீயல்லா, அன்னைக்கே. எம்மெஸ்ஸி படிச்சவங்களுக்கு அதுகூடவா தெரியாது? எனக்காண்டி ஒரு ஆளு உக்காந்து தோத்துக் குடுக்காவளேன்னு இருந்துச்சு. எங்கூட எல்லாரும் நெசமாத்தான் சண்டை போடுவாவ. நீங்கதான் டீச்சர் வெளாட்டுக்குப் போட்டீய. அது நின்னுபோயிறக் கூடாதுன்னு நான் தெரிஞ்சதாக் காட்டிக்கிடல."

காஜாவின் போன் வந்த நாளிலிருந்து அதீபா மாமியார் முன்னால், பிள்ளைகள் முன்னால், யார் முன்னாலும் அடக்கி வைத்திருந்தது இப்போது உடைத்துக்கொண்டு வந்தது. இசக்கியின் கையைப் பிடித்து முகத்தில் பொத்திக்கொண்டு, பட்டப்பகலில், பஸ் போகிற ரோட்டில், வாய்விட்டு அழுதாள். அந்த ஒரு பிள்ளை பார்த்திருக்கிறாளே, பார்த்துத் தனக்காகத் தோற்றிருக்கிறாளே என்று நினைக்க நினைக்க அழுகை கூடித்தான் போயிற்று.

போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். டீக்கடைக்காரர் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு வந்து, "என்னம்மா, புள்ள பெயிலா?" என்று கேட்டார். இசக்கி சட்டென்று டீச்சருக்கு முன்னால் வந்து, இடுப்பில் கையை வைத்து நின்றாள்.

"யாருவே பெயிலு? பாஸாயிட்டு வந்து நிக்கேன், கண்ணு தெரியலயா? எங்க டீச்சர் அவ்வோ இஷ்டத்துக்கு அழுவாவ, அதுல ஒமக்கு என்ன வந்துச்சு? போம் அங்கிட்டு!"